சாவியைக் கொடுத்தால் பொறுப்பும் போய்விடுமா?

பதிவு இல்லாத டிராக்டரை மெக்கானிக் ஓட்டிப் பார்க்கும்போது விபத்து நடந்தால்... யார் பதில் சொல்வது?

இப்படி ஒரு சூழ்நிலையை நினைத்துப் பாருங்கள். விதைப்புக்கு இன்னும் ஒரு வாரம்தான் இருக்கிறது. டிராக்டரில் கிளட்ச் பிடிக்கவில்லை. ஹைட்ராலிக்கும் தூக்க மறுக்கிறது. உரிமையாளர் மெதுவாக உருட்டிக்கொண்டு போய் மெயின் ரோட்டோரம் இருக்கும் ஒர்க் ஷாப்பில் விடுகிறார். இரண்டு நாளில் வேலை முடிகிறது. ‘‘அண்ணே, ரோட்டுல ஒரு டிரையல் பார்த்துட்டு வந்துடறேன்’’ என்று மெக்கானிக் வண்டியை எடுக்கிறார். அரை கிலோமீட்டர் தாண்டியதும் குறுக்கே வந்த பைக் மீது டிராக்டர் மோதுகிறது. பைக்கில் வந்தவருக்குக் கால் முறிவு.

போலீஸ் வருகிறது. முதல் கேள்வி, ‘‘யார் ஓட்டியது?’’ இரண்டாவது கேள்வி, ‘‘ஆர்.சி. எங்கே, இன்சூரன்ஸ் எங்கே?’’ இரண்டாவது கேள்விக்குப் பதில் இல்லை. டிராக்டர் வாங்கி 18 ஆண்டுகள் ஆகின்றன. 15 ஆண்டுகளோடு ஆர்.சி. காலாவதியாகிவிட்டது. இன்சூரன்ஸ் கட்டியே பல வருடங்கள் ஆகிவிட்டன.

‘நான் ஓட்டவே இல்லையே, ஒர்க் ஷாப்காரர்தானே ஓட்டினார்’ என்கிறார் உரிமையாளர். ‘வண்டி என்னுடையது இல்லையே, பேப்பர் இல்லாதது எனக்கு எப்படித் தெரியும்’ என்கிறார் ஒர்க் ஷாப்காரர். சட்டம் இந்த இரண்டு பதில்களையும் ஏற்பதில்லை. பேப்பர் சரியாக இருந்திருந்தால் இருவரையுமே காப்பாற்றியிருக்கக்கூடிய இன்சூரன்ஸ் கம்பெனியும் இந்த இடத்தில் இல்லை. கிராமத்தில் பதிவு இல்லாத வண்டி வைத்திருக்கும் ஒவ்வொருவரும், அதைப் பழுது பார்க்கும் ஒவ்வொரு மெக்கானிக்கும் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம் இது.

எவையெல்லாம் ‘பதிவு இல்லாத வண்டி’?

மோட்டார் வாகனச் சட்டம், 1988-ன்படி சாலையில் ஓடத் தக்க, இயந்திர சக்தியால் இயங்கும் வண்டிகள் மோட்டார் வாகனங்கள். டிரெய்லரும் இந்த விளக்கத்துக்குள் வருகிறது. டிராக்டரை விவசாயத்துக்காகத்தான் வைத்திருக்கிறோம் என்பதால் பதிவிலிருந்து விலக்கு கிடைக்காது. விவசாய டிராக்டரும் பவர் டில்லரும் போக்குவரத்து வாகனம் அல்லாத பிரிவில் வைக்கப்பட்டுள்ளன. லாரிக்கு உள்ள பெர்மிட் போன்றவை இவற்றுக்குத் தேவையில்லை என்பதுதான் அதன் பொருள். பதிவு தேவையில்லை என்பதல்ல.

கிராமங்களில் பதிவு இல்லாமல் நிற்கும் வண்டிகள் பெரும்பாலும் நான்கு வகைதான்.

ஒன்று, 15 ஆண்டு முடிந்தும் ஆர்.சி. புதுப்பிக்காத பழைய டிராக்டர்.

இரண்டு, ‘தோட்டத்துக்குள்ளேதானே ஓட்டப்போறோம்’ என்று ஒருமுறைகூடப் பதிவு செய்யாத பவர் டில்லர் அல்லது சிறிய டிராக்டர்.

மூன்று, உள்ளூர்ப் பட்டறையில் அடித்து வாங்கிய டிரெய்லர். முன்னால் இழுக்கும் டிராக்டருக்கு நம்பர் இருக்கும். பின்னால் வரும் டிரெய்லருக்கு இருக்காது.

நான்கு, ஷோரூமிலிருந்து எடுத்த புது டிராக்டர். தற்காலிகப் பதிவின் காலம் முடிந்திருக்கும். நிரந்தரப் பதிவு செய்யாமலே வேலை நடந்துகொண்டிருக்கும்.

‘நிலத்துக்குள்ளேதானே ஓடுகிறது?’

பலரும் நம்பியிருக்கும் வாதம் இது. சட்டத்தின் 39-வது பிரிவு, பதிவு செய்யாத மோட்டார் வாகனத்தை யாரும் ஓட்டக் கூடாது, உரிமையாளர் ஓட்ட விடவும் கூடாது என்கிறது. எங்கே என்பதற்கு அந்தப் பிரிவு சொல்வது, ‘பொது இடத்திலோ, வேறு எந்த இடத்திலோ’. ‘வேறு எந்த இடத்திலும்’ என்ற சொற்களுக்குள் வயலும் அடங்கும், ஒர்க் ஷாப் வளாகமும் அடங்கும்.

இன்சூரன்ஸ் விஷயத்தில் சட்டம் சற்று வேறுபடுகிறது. 146-வது பிரிவின்படி, மூன்றாம் நபர் இன்சூரன்ஸ் இல்லாமல் பொது இடத்தில் வண்டியைப் பயன்படுத்தக் கூடாது, பிறரைப் பயன்படுத்த விடவும் கூடாது. பொதுமக்கள் போக உரிமையுள்ள எந்தச் சாலையும் வழியும் பொது இடம்தான். ஒர்க் ஷாப் கேட்டைத் தாண்டி ரோட்டில் சக்கரம் பட்டதுமே இந்தப் பிரிவு வந்துவிடும்.

இரண்டு பிரிவுகளிலும் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. ‘ஓட்டுபவர்’, ‘ஓட்ட விடுபவர்’ என்று இருவரையுமே சட்டம் குறிப்பிடுகிறது. டிரையல் பார்க்கும் மெக்கானிக் ஓட்டுபவர். சாவியைக் கொடுத்த விவசாயி ஓட்ட விட்டவர். ‘ரிப்பேருக்காக ஓட்டினேன்’ என்பது தானாக ஒரு விலக்கு ஆகாது.

பதிவு இல்லாத வண்டியை ஓட்டினால், ஓட்ட விட்டால், 192-வது பிரிவின்படி முதல் முறை 2,000 ரூபாய்க்குக் குறையாமல் 5,000 ரூபாய் வரை அபராதம். மறுமுறை ஓராண்டு வரை சிறை, அல்லது 5,000 முதல் 10,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். நோயாளியையோ காயம்பட்டவரையோ அவசரமாக ஏற்றிச் செல்வது போன்ற சூழலுக்கு மட்டும் விலக்கு உண்டு.

இன்சூரன்ஸ் இல்லாவிட்டால் 196-வது பிரிவின்படி முதல் முறை 3 மாதம் வரை சிறை, அல்லது 2,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். மறுமுறை அபராதம் 4,000 ரூபாய். பதிவு இல்லாமல் ஓடும் வண்டியைப் பிடித்து நிறுத்தி வைக்க 207-வது பிரிவு அதிகாரம் தருகிறது. விதைப்பு நேரத்தில் டிராக்டர் ஸ்டேஷனில் நின்றால், அபராதத்தைவிட அதுதான் பெரிய நஷ்டம்.

விபத்து நடந்துவிட்டால்...

அபராதம் சில ஆயிரங்களோடு முடிந்துவிடும். விபத்து இழப்பீடு அப்படியல்ல. குடும்பத்தின் வருமானத்தைக் கொண்டுவந்த ஒருவர் இறந்துவிட்டால் இழப்பீடு பல லட்சங்களுக்குப் போகும். இங்கே இரண்டு வழக்குகள் தனித்தனியாக நடக்கும்.

முதலாவது குற்ற வழக்கு. கவனக்குறைவாக ஓட்டி உயிரிழப்பை ஏற்படுத்தினால் பாரதிய நியாய சன்ஹிதாவின் 106-வது பிரிவின் கீழ் 5 ஆண்டுகள் வரை சிறையும் அபராதமும் உண்டு. இந்த வழக்கு ஓட்டியவர் மேல் வரும். அதாவது மெக்கானிக் மேல்.

இரண்டாவது, மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் நடக்கும் இழப்பீட்டு வழக்கு. இதில் ஓட்டியவர், வேலைக்கு வைத்திருந்த ஒர்க் ஷாப் முதலாளி, வண்டி உரிமையாளர், இன்சூரன்ஸ் கம்பெனி என்று எல்லோரையும் எதிர்தரப்பாகச் சேர்ப்பது வழக்கம். தொழிலாளி வேலை நேரத்தில், வேலைக்காக ஓட்டியபோது செய்த தவறுக்கு முதலாளி பொறுப்பேற்க வேண்டும் என்பது பழைய சட்ட விதி. எனவே ‘பையன்தான் ஓட்டினான்’ என்று ஒர்க் ஷாப் முதலாளி ஒதுங்கிவிட முடியாது.

வண்டி உரிமையாளரின் நிலை என்ன? இதற்கு 1988-ல் உச்ச நீதிமன்றம் சொன்ன தீர்ப்பு இன்றும் வழிகாட்டுகிறது. கோவாவிலிருந்து வந்த வழக்கு அது. ஒருவர் பழுது பார்க்க விட்டிருந்த கார், பழுது பார்ப்பவரின் பொறுப்பில் இருந்தபோது ஒரு பெண் மீது மோதியது. பழுது பார்ப்பவர் தனித் தொழில் செய்பவர், உரிமையாளரின் வேலையாள் அல்ல, எனவே உரிமையாளரின் இன்சூரன்ஸ் கம்பெனி பணம் தர வேண்டுமா என்பதுதான் கேள்வி.

வண்டியைப் பழுது பார்க்க ஒப்படைக்கும் உரிமையாளர், அந்த வேலைக்காக வண்டியைப் பயன்படுத்த அனுமதிக்கிறார் என்றுதான் அர்த்தம் என்றது உச்ச நீதிமன்றம். தனித் தொழில் செய்பவர் கையில் வண்டி இருந்தபோது விபத்து நடந்தாலும், உரிமையாளர் எடுத்திருந்த பாலிசி மூன்றாம் நபருக்குப் பொறுப்பேற்கும். பழுது பார்ப்பவர் தனக்கென்று தனியாக அப்படி ஒரு பாலிசி எடுத்திருந்தால் கதை வேறு. இதுதான் தீர்ப்பின் சாரம்.

இதை இரண்டு பக்கமும் வைத்துப் பார்க்க வேண்டும். பாலிசி இருந்தால் அடிபட்டவருக்குப் பணம் கிடைக்கும். உரிமையாளர், மெக்கானிக் இருவர் வீட்டுக்கும் ஜப்தி நோட்டீஸ் வராது. ஒர்க் ஷாப்பில் விட்ட பிறகும் அந்தக் குடை விரிந்தே இருக்கிறது. பாலிசி இல்லை என்றால், வண்டியைப் பயன்படுத்த ‘அனுமதித்தவர்’ என்ற அதே சொல் உரிமையாளருக்கு எதிராகத் திரும்பும். மெக்கானிக்கின் கவனக்குறைவுக்கு அவர் பொறுப்பல்ல என்று வாதாட இடம் உண்டு. ஆனால், இன்சூரன்ஸ் இல்லாத வண்டியைப் பிறர் ரோட்டில் எடுக்க விட்டது உரிமையாளர் தாமே செய்த தவறு. யார், எவ்வளவு என்பதைச் சாட்சிகளைப் பார்த்துத் தீர்ப்பாயம் முடிவு செய்யும். அதுவரை இருவருமே கோர்ட் படி ஏற வேண்டியதுதான்.

இன்னொன்றும் இருக்கிறது. விபத்தில் சிக்கிய வண்டிக்கு இன்சூரன்ஸ் இல்லை என்றால், உரிமையாளர் போதிய ஜாமீன் காட்டாமல் வண்டியை விடுவிக்கக் கூடாது, தேவைப்பட்டால் ஏலம் விட்டு அந்தப் பணத்தை இழப்பீட்டுக்கு வைக்க வேண்டும் என்ற விதியை எல்லா மாநிலங்களும் கொண்டுவர வேண்டும் என்று 2018-ல் உச்ச நீதிமன்றம் கூறியது.

‘இன்சூரன்ஸ் இருக்கிறது, பதிவுதான் இல்லை’

இதுவும் ஆபத்தான நிலைதான். தற்காலிகப் பதிவு முடிந்த பிறகு நிரந்தரப் பதிவு செய்யாமல் ஓடிய ஒரு வண்டி விபத்தில் சேதமானது. பாலிசி நடப்பில் இருந்தும் சேதத்துக்கான பணத்தைத் தர வேண்டியதில்லை என்று 2014-ல் உச்ச நீதிமன்றம் கூறியது. பதிவு இல்லாமல் ஓட்டியது சட்ட மீறல் மட்டுமல்ல, பாலிசி நிபந்தனையின் அடிப்படையையே மீறியது என்பது காரணம். 2021-ல் திருட்டு வழக்கு ஒன்றிலும் இதையே உறுதி செய்தது. அந்த வண்டியின் தற்காலிகப் பதிவு முடிந்து சில நாள்களே ஆகியிருந்தன.

மூன்றாம் நபர் அடிபட்ட வழக்குகளில், ‘முதலில் அடிபட்டவருக்குக் கொடு, பிறகு உரிமையாளரிடம் வசூலித்துக்கொள்’ என்று இன்சூரன்ஸ் கம்பெனிக்கு உத்தரவிடுவதும் உண்டு. அடிபட்டவருக்கு அது நிம்மதி. உரிமையாளருக்குக் கடன் தள்ளிப்போகிறது, அவ்வளவுதான்.

ஒர்க் ஷாப் உங்களுக்குச் செய்ய வேண்டிய கடமை

இதுவரை பார்த்தது ரோட்டில் போகும் மூன்றாம் நபருக்கான பொறுப்பு. வண்டியை ஒப்படைத்த விவசாயிக்கு ஒர்க் ஷாப் என்ன பொறுப்பு ஏற்க வேண்டும்?

இதற்குப் பதில் இந்திய ஒப்பந்தச் சட்டம், 1872-ல் இருக்கிறது. ஒரு பொருளை ஒரு வேலைக்காக ஒருவரிடம் ஒப்படைத்து, வேலை முடிந்ததும் திரும்பப் பெறுவதை அந்தச் சட்டம் ஒப்படைப்பாகக் கருதுகிறது. பெற்றுக்கொண்டவர், சாதாரணமாக ஒரு விவேகமுள்ள மனிதர் தன் சொந்தப் பொருளை எப்படிப் பார்த்துக்கொள்வாரோ அந்த அளவு கவனம் காட்ட வேண்டும் என்கிறது 151-வது பிரிவு. அப்படிக் கவனமாக இருந்தும் சேதம் வந்தால் அவர் பொறுப்பல்ல.

ஆனால், ஒப்புக்கொண்ட வேலைக்கு மாறாகப் பயன்படுத்தினால் நிலைமை தலைகீழ். 154-வது பிரிவு இதற்குக் குதிரையை வைத்து ஓர் உதாரணம் தருகிறது. ஒருவர் தன் குதிரையை இன்னொருவருக்கு, அவர் மட்டும் சவாரி செய்ய இரவல் தருகிறார். வாங்கியவர் தன் குடும்பத்தில் ஒருவரைச் சவாரி செய்ய விடுகிறார். அவர் கவனமாகத்தான் போகிறார். ஆனாலும் குதிரை தவறி விழுந்து அடிபடுகிறது. இரவல் வாங்கியவர் ஈடு கட்ட வேண்டும். கவனமாக இருந்தேன் என்று சொல்லித் தப்ப முடியாது.

குதிரைக்குப் பதில் டிராக்டரை வைத்துப் பாருங்கள். கிளட்ச் பார்க்க விட்ட டிராக்டரில் ஒர்க் ஷாப்காரர் தன் வீட்டுக்கு மணல் ஏற்றினாலும், பக்கத்து நிலத்தில் இரண்டு சால் உழுது கொடுத்தாலும், பையன் டீ வாங்கப் போனாலும், அந்த நேரத்தில் வண்டிக்கு வரும் சேதம் ஒர்க் ஷாப்பின் தலையில்தான். பழுது சரியானதா என்று பார்க்கத் தேவையான தூரம் ஓட்டுவது வேலையில் சேரும். அதற்கு மேல் சேராது.

இதை நிரூபிக்க ஒரு துண்டுச் சீட்டு போதும். வண்டியை விட்ட நாள், மீட்டர் காட்டிய மணிக்கணக்கு, டீசல் அளவு, செய்ய வேண்டிய வேலை, ரோட்டில் டிரையல் பார்க்கலாமா கூடாதா என்ற ஐந்தும் எழுதி இருவரும் கையெழுத்துப் போட வேண்டும். செல்போனில் மீட்டரையும் வண்டியின் நான்கு பக்கத்தையும் படம் எடுத்துக்கொள்வது இன்னும் நல்லது.

ஒர்க் ஷாப் தரப்பில் என்ன வழி?

மெக்கானிக்குகளும் ஓட்டிப் பார்க்காமல் பழுதைக் கண்டுபிடிக்க முடியாது. இதைச் சட்டமும் உணர்ந்தே இருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டத்தில் ‘டீலர்’ என்ற சொல்லுக்குள் வண்டி பழுது பார்க்கும் தொழில் செய்பவரும் வருகிறார். டீலர் வசம் இருக்கும் பதிவாகாத வண்டிக்கு, விதிகளுக்கு உட்பட்டு 39-வது பிரிவில் விலக்கு உண்டு. அந்த விதிகளின் திறவுகோல் ‘டிரேடு சர்டிஃபிகேட்’ எனப்படும் வணிகச் சான்றிதழ். 2022-ல் இந்த விதிகள் திருத்தப்பட்டு, விண்ணப்பம் ஆன்லைன் வழிக்கு மாறியது. சான்றிதழ் 5 ஆண்டுகளுக்குச் செல்லும்.

நடைமுறையில் இந்தச் சான்றிதழ் புது வண்டி விற்கும் ஷோரூம்களிடம்தான் இருக்கும். ரோட்டோர ஒர்க் ஷாப்பில் பொதுவாக இருக்காது. அது இல்லாத ஒர்க் ஷாப்புக்கு இந்த விலக்கும் இல்லை. சான்றிதழ் இருந்தாலும் இன்சூரன்ஸ் கட்டாயம் என்பது மாறாது. தன் தொழிலுக்கு அது பொருந்துமா என்பதை ஒர்க் ஷாப் நடத்துபவர் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் நேரில் கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது.

இன்னொரு வழி, பொது இன்சூரன்ஸ் கம்பெனிகள் தரும் ‘மோட்டார் டிரேடு’ பாலிசி. வாடிக்கையாளர் வண்டியை ரோட்டில் ஓட்டும்போது வரும் ஆபத்துக்கு ஒரு வகை, ஒர்க் ஷாப் வளாகத்துக்குள் வரும் சேதத்துக்கு ஒரு வகை என்று தனித்தனியாக இருக்கின்றன. பாலிசி எடுக்கும்போது, பதிவு இல்லாத வண்டிக்கும் அது பொருந்துமா என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும்.

மூன்றாவது, யார் ஓட்டுகிறார் என்பது. சரக்கில்லா எடை 7,500 கிலோவுக்கு மிகாத டிராக்டர் இலகு ரக வாகனத்தில் சேரும். அதற்குரிய லைசென்ஸ் வேண்டும். லைசென்ஸ் இல்லாமல் ஓட்டுபவருக்கும், ஓட்ட விடும் உரிமையாளர் அல்லது பொறுப்பாளருக்கும் தலா 3 மாதம் வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும் உண்டு. கடையில் தொழில் பழகும் 18 வயது நிரம்பாத பையனிடம் சாவி போனால் மிகக் கடுமை. 199ஏ பிரிவின்படி சிறுவனின் பாதுகாவலர் அல்லது வண்டி உரிமையாளருக்கு 3 ஆண்டுகள் வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும், வண்டிப் பதிவு 12 மாதங்களுக்கு ரத்தும் உண்டு. தனக்குத் தெரியாமல் நடந்தது, தடுக்க உரிய கவனம் எடுத்தேன் என்று நிரூபிக்க வேண்டியது உரிமையாளர்தான். ‘பெரியவர்கள் மட்டுமே ஓட்ட வேண்டும்’ என்று துண்டுச் சீட்டில் ஒரு வரி எழுதுவதன் பலன் இங்கே தெரியும்.

பேப்பர் சரியாகும் வரை என்ன செய்யலாம்?

* மெக்கானிக்கை வீட்டுக்கு வரவழைப்பதுதான் முதல் வழி. பெரும்பாலான கிளட்ச், ஹைட்ராலிக், பி.டி.ஓ. வேலைகளை வண்டி நிற்கும் இடத்திலேயே பார்க்கலாம். ஹைட்ராலிக்கையும் பி.டி.ஓ.வையும் நின்ற இடத்திலேயே சோதிக்க முடியும்.

* பெரிய வேலை என்றால், டிராக்டரை லாரியில் ஏற்றி ஒர்க் ஷாப்புக்கு அனுப்பலாம். இன்னொரு டிராக்டரில் கயிறு கட்டி ரோட்டில் இழுத்துப் போவது பாதுகாப்பான மாற்று அல்ல.

* ஒர்க் ஷாப்பில் விடும்போதே, ‘பதிவும் இன்சூரன்ஸும் நடப்பில் இல்லை, ரோட்டில் எடுக்க வேண்டாம்’ என்று சொல்லி, எழுதியும் கொடுக்க வேண்டும். மறைத்தால் மெக்கானிக் ஒரு குழியில் விழுவார். அந்தக் குழியில் உரிமையாளரும் விழுவார்.

* அதோடு, ஆர்.சி. வேலையைத் தள்ளிப்போடக் கூடாது. 15 ஆண்டு முடிந்த வண்டிக்குப் படிவம் 25-ல் புதுப்பிக்க விண்ணப்பிக்க வேண்டும். பதிவே செய்யாத வண்டிக்குப் படிவம் 20, விற்பனைச் சான்றான படிவம் 21, தயாரித்தவர் தரும் சாலைத் தகுதிச் சான்றான படிவம் 22, இன்சூரன்ஸ், முகவரிச் சான்று ஆகியவை தேவை. வாங்கிய பெயர் மாறாமல் இருந்தால் படிவம் 29, 30. உரிமையாளர் இறந்து வாரிசு பெயருக்கு மாற்ற வேண்டும் என்றால் படிவம் 31. டிரெய்லர் வாங்கும்போது, படிவம் 21, 22 கொடுக்க முடிந்தவரிடமே வாங்குவது பின்னால் வரும் அலைச்சலைக் குறைக்கும்.

வழக்கமாக எழும் கேள்விகள்

‘ஆர்.சி. இன்னும் பழைய உரிமையாளர் பெயரில்தான் இருக்கிறது. விபத்து நடந்தால் யார் பொறுப்பு?’

மோட்டார் வாகனச் சட்டப்படி, யார் பெயரில் பதிவு இருக்கிறதோ அவர்தான் உரிமையாளர். வண்டி கை மாறி, மறுபடி கை மாறியிருந்தாலும், பதிவில் பெயர் இருப்பவர் இழப்பீட்டுக்குப் பொறுப்பு என்று 2018-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. எனவே விற்றவரும் அலட்சியமாக இருக்கக் கூடாது. ஒரே மாநிலத்துக்குள் விற்றால், விற்றவர் 14 நாள்களுக்குள்ளும் வாங்கியவர் 30 நாள்களுக்குள்ளும் தகவல் தர வேண்டும்.

‘ஒர்க் ஷாப்பில், வாகனங்களுக்கு நிர்வாகம் பொறுப்பல்ல என்று போர்டு வைத்திருக்கிறார்கள். அது செல்லுமா?’

முழுப் பொறுப்பையும் ஒரு போர்டு துடைத்துவிடாது. டெல்லியில் ஒரு நட்சத்திர ஓட்டலில் ஊழியரிடம் சாவி கொடுத்து விட்ட கார் திருடுபோன வழக்கில், வண்டியைப் பொறுப்பேற்றுக்கொண்ட பிறகு, தன் கவனக்குறைவுக்குத் தானே பொறுப்பில்லை என்று சீட்டில் அச்சடித்து ஓட்டல் தப்ப முடியாது என்று 2019-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. ஒப்படைப்பு என்ற அதே தத்துவம்தான் ஒர்க் ஷாப்புக்கும்.

‘கூலி தரும்வரை வண்டியைத் தர மாட்டேன் என்கிறார் மெக்கானிக். அது சரியா?’

செய்து முடித்த வேலைக்கான கூலி வரும்வரை அந்த வண்டியைத் தன்னிடம் வைத்திருக்க ஒப்பந்தச் சட்டத்தின் 170-வது பிரிவு அவருக்கு உரிமை தருகிறது. வைத்திருக்கத்தான் உரிமை. எடுத்து ஓட்டவோ, வாடகைக்கு விடவோ அல்ல. பழைய வேறு பாக்கிக்காக இந்த வண்டியைப் பிடித்து வைக்கவும் இந்தப் பிரிவு இடம் தராது.

‘டிரையலில் வண்டி சேதமானது. ஒர்க் ஷாப்காரர் ஏற்க மறுக்கிறார். எங்கே போவது?’

சொந்த விவசாயத்துக்காக, பிழைப்புக்காக டிராக்டர் வைத்திருப்பவர் நுகர்வோர்தான். மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில், சம்பவம் நடந்த 2 ஆண்டுகளுக்குள் புகார் தரலாம். தான் வசிக்கும் மாவட்டத்திலேயே தரலாம். செலுத்திய தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் புகாருக்குக் கட்டணம் இல்லை. துண்டுச் சீட்டு, பில், படங்கள் ஆகியவைதான் அங்கே பேசும்.

‘டிராக்டருக்கு எல்லாம் சரியாக இருக்கிறது. டிரெய்லருக்கு மட்டும் நம்பர் இல்லை. பரவாயில்லையா?’

பரவாயில்லை என்று சொல்ல முடியாது. டிரெய்லரும் சட்டப்படி ஒரு மோட்டார் வாகனம். அதற்குத் தனியாகப் பதிவு வேண்டும். டிராக்டரின் பாலிசியில் டிரெய்லரும் குறிப்பிடப்பட்டிருக்கிறதா என்று பார்த்து, இல்லை என்றால் சேர்க்கச் சொல்ல வேண்டும். விபத்துக்குப் பிறகு இன்சூரன்ஸ் கம்பெனி முதலில் தேடுவது இப்படிப்பட்ட ஓட்டையைத்தான்.

டிராக்டரை ஒர்க் ஷாப்புக்குக் கொண்டுபோகும் முன் ஆயில், டீசல் பார்ப்பது எல்லோருக்கும் பழக்கம். ஆர்.சி.யில் எழுதியிருக்கும் தேதியையும், பாலிசி முடியும் தேதியையும் அதோடு சேர்த்துப் பார்த்துவிட வேண்டும். மெக்கானிக்கும் ஸ்பேனரை எடுக்கும் முன் ‘‘பேப்பர் எல்லாம் கரெக்டா இருக்காண்ணே?’’ என்று கேட்டுவிட வேண்டும். கேட்பதில் கூச்சமும் வேண்டாம், கேட்டதற்காக வருத்தமும் வேண்டாம். அந்த ஒரு கேள்வி காப்பாற்றுவது இரண்டு குடும்பங்களை. ரோட்டில் எதிரே வருகிறவரையும் சேர்த்தால் மூன்று.